விஷமில்லாத எரிபொருள், கைக்கெட்டும் விலை: குட்டிச் செயற்கைக்கோள்களுக்கு இனி சொந்தக் கால்

தோட்டத்து லயத்து வீடானாலும் பட்டணத்து அடுக்குமாடியானாலும், ஆஸ்ட்ரோ தட்டை ஒரு தடவை பொருத்திவிட்டால் பிறகு யாரும் அதைத் திருப்புவதில்லை. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் மியாசாட் செயற்கைக்கோள் வானத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருப்பதுதான் காரணம். ஆனால் அது தானாக அப்படி நின்றுவிடுவதில்லை. நிலவும் சூரியனும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அதனுள் இருக்கும் சிறிய உந்துபொறிகளை அவ்வப்போது இயக்கித்தான் மறுபடியும் தன் இடத்துக்குக் கொண்டு வருகிறார்கள். 2021 ஜூன் மாதம் மியாசாட்-3 கோளாறாகி இடத்தைவிட்டு நகரத் தொடங்கியபோது, ஆஸ்ட்ரோ அலைவரிசைகளை வேறு செயற்கைக்கோள்களுக்கு மாற்ற வேண்டி வந்தது பலருக்கு நினைவிருக்கலாம்.

அடுத்த ஆண்டு, 2022 ஜூன் 22ஆம் தேதி பாய்ச்சப்பட்ட மியாசாட்-3டியின் எடை சுமார் 5.6 டன். அவ்வளவு பெரிய வண்டியில் எரிபொருளுக்கு இடம் ஒதுக்குவது பெரிய காரியமல்ல. சிக்கல் எல்லாம் சின்ன வண்டியில்தான்.

மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று உருவாக்கிய யுஐடிஎம்சாட்-1 ஒவ்வொரு பக்கமும் 10 சென்டிமீட்டர் கொண்ட ஒரு கனசதுரப் பெட்டி. ஒரு மைலோ டின்னைக் கையில் தூக்குவதுபோல் தூக்கிவிடலாம். பூட்டான், பிலிப்பீன்ஸ் நாடுகளின் இதே போன்ற பெட்டிகளோடு 2018 ஆகஸ்ட்டில் அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து அது வெளியே விடப்பட்டது. அதில் உந்துபொறி கிடையாது. அந்த உயரத்திலும் காற்று முழுமையாக இல்லாமல் போய்விடவில்லை. மெல்லிய காற்று உரசி உரசி அதன் உயரத்தைக் குறைத்தது. சுமார் இரண்டு ஆண்டுகளில் அது வளிமண்டலத்துக்குள் விழுந்து எரிந்து மறைந்தது. இதைத் தோல்வி என்று சொல்ல முடியாது. அதன் கணக்கே அவ்வளவுதான். ஆனால் நகரவோ, உயரத்தைக் காக்கவோ, எதிரே வரும் பொருளுக்கு விலகவோ முடியாத ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு பயிற்சி பெறலாமே தவிர, பல ஆண்டு நம்பியிருக்கும் சேவை நடத்துவது கடினம்.

அப்படியானால் ஒரு சின்ன உந்துபொறியைப் பொருத்திவிட வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் விஷமும் விலையும் குறுக்கே வந்தன.

ஹைட்ரசின் என்னும் விஷம்

அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் செயற்கைக்கோள்களின் வழக்கமான எரிபொருள் ஹைட்ரசின். நிறமற்ற திரவம், அமோனியாவைப் போன்ற நெடி. தீ மூட்டத் தேவையில்லை. இரிடியம் உலோகம் பூசிய வினையூக்கித் துகள்கள் மேல் பட்டாலே சிதைந்து சூடான வாயுவாகச் சீறிப் பாயும். அந்தச் சீற்றமே செயற்கைக்கோளைத் தள்ளுகிறது. எளிமையான ஏற்பாடு. குழாயைத் திறந்தால் ஓடும், மூடினால் நிற்கும். இவ்வளவு காலம் அதை யாரும் கைவிடாததற்கு இந்த நம்பகத்தன்மை ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் அது கொடிய நஞ்சு. மூச்சில் போனாலும் தோலில் பட்டாலும் ஆபத்து. புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள் என்றும் வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. அதனால் அதைத் தொட்டியில் நிரப்புவோர் தலை முதல் கால் வரை மூடிய, தனிக் காற்றுக் குழாய் கொண்ட உடை அணிந்தே வேலை செய்ய வேண்டும். நிரப்பும் நேரத்தில் மற்ற வேலைகளை நிறுத்தி அந்த இடத்தைக் காலி செய்கிறார்கள். மருத்துவக் குழு அருகிலேயே காத்திருக்க வேண்டும். மிஞ்சியதை அப்புறப்படுத்தவும் தனி ஏற்பாடு தேவை.

2008 பிப்ரவரியில் செயலிழந்து பூமியை நோக்கி விழுந்துகொண்டிருந்த தன் செயற்கைக்கோள் ஒன்றை அமெரிக்கக் கடற்படை ஏவுகணை விட்டுத் தகர்த்தது. அதன் தொட்டியில் உறைந்து கிடந்த சுமார் 450 கிலோ ஹைட்ரசின் மக்கள் வாழும் இடத்தில் விழுந்துவிடக்கூடாது என்பதே அதற்கு அந்நாடு சொன்ன காரணம்.

செம்பனைத் தோட்டத்தில் முதுகில் தொட்டி சுமந்து மருந்தடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாராகுவாட் மலிவான களைக்கொல்லி என்றுதான் பெயர். ஆனால் முறையான கையுறை, முகக்கவசம், கழுவத் தண்ணீர், மருத்துவப் பரிசோதனை என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அது எவ்வளவு மலிவு என்ற கேள்வி வெகுகாலம் இருந்தது. 2020 ஜனவரி 1 முதல் அது மலேசியாவில் தடை செய்யப்பட்டது. ஹைட்ரசினின் கதையும் ஏறக்குறைய இதேதான், ஒரு வித்தியாசத்தோடு. விண்வெளித் தளத்தில் அந்தப் பாதுகாப்புச் செலவை யாரும் மறைக்க முடியாது. முழுப் பணமும் கட்டினால்தான் நிரப்ப அனுமதி.

பெரிய செயற்கைக்கோளின் மொத்தச் செலவில் அது கரைந்துபோகும். சில கிலோ எடையுள்ள பெட்டிக்கு அப்படியல்ல. அதிலும் சின்னச் செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் தனி ராக்கெட்டில் போவதில்லை. பலரோடு இடம் பகிர்ந்து போகின்றன. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் 2019இல் அறிவித்த பகிர்வுப் பயணக் கட்டணம் 200 கிலோ வரை 1 மில்லியன் அமெரிக்க டாலர். சிற்றுந்தில் எல்லாரும் கூட்டாகப் போகும்போது ஒருவர் மட்டும் மடியில் ஆசிட் புட்டியோடு ஏறினால் மற்றவர்கள் என்ன சொல்வார்கள்? அதே நிலைதான் அங்கேயும்.

பசுமை என்றால் எந்தப் பசுமை?

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பசுமை உந்துவிசை என்றதும் மரம், காடு, தூய காற்று என்று மனம் போகும். விண்வெளித் துறையில் அந்தச் சொல் முதலில் குறிப்பது வேறு: கையாளுகிறவரைக் கொல்லாத எரிபொருள். பூமியின் சுற்றுச்சூழலுக்கும் அதனால் நன்மை உண்டுதான், ஆனால் முதல் பயன் தொழிலாளிக்கு. சொல்லின் கவர்ச்சியைக் காட்டிலும் இந்தப் பயனே பெரிது.

2010 ஜூன் மாதம் பாய்ச்சப்பட்ட சுவீடனின் பிரிஸ்மா செயற்கைக்கோளில் ஒரு நல்ல ஒப்பீடு நடந்தது. ஒரே செயற்கைக்கோளில் ஹைட்ரசின் தொட்டியும் இருந்தது, அம்மோனியம் டைநைட்ரமைடு என்ற உப்பைக் கரைத்துச் செய்த புதிய எரிபொருளின் தொட்டியும் இருந்தது. ஹைட்ரசினை நிரப்ப வழக்கமான கவச உடையும் கெடுபிடியும் தேவைப்பட்டன. புதியதை நிரப்ப அந்தக் கவச உடை தேவைப்படவில்லை. விண்வெளிக்குப் போன பிறகும் அது சரியாகவே வேலை செய்தது.

அமெரிக்காவின் நாசா 2019 ஜூன் 25ஆம் தேதி இன்னொரு வகையை அனுப்பிச் சோதித்தது. இது ஹைட்ராக்சில் அமோனியம் நைட்ரேட் என்ற உப்பை அடிப்படையாகக் கொண்டது. ஒரே அளவுத் தொட்டியில் ஹைட்ரசினைவிட ஏறக்குறைய 50 விழுக்காடு கூடுதல் வேலை வாங்கலாம் என்று நாசா கணக்கிட்டது. காரணம், இது கெட்டியான, கனமான திரவம். சின்னப் பெட்டியில் எடையைவிட இடமே பெரிய பஞ்சம் என்பதால் இது முக்கியமான செய்தி. ஹைட்ரசின் சுமார் 2 பாகை செல்சியசிலேயே உறைந்துவிடும். அதை உறையாமல் வைக்க சூடேற்றியும் மின்சாரமும் வேண்டும். புதியதற்கு அந்தத் தொல்லையும் குறைவு.

இந்தியாவிலும் இது நடந்தேறியிருக்கிறது. பெங்களூரின் பெல்லாட்ரிக்ஸ் ஏரோஸ்பேஸ் நிறுவனம் உருவாக்கிய பசுமை உந்துபொறி, 2024 ஜனவரி 1ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட பிஎஸ்எல்வி-சி58 ராக்கெட்டின் கடைசி அடுக்கில் பொருத்தப்பட்டுச் சுற்றுப்பாதையில் சோதிக்கப்பட்டது. வேலை முடிந்ததும் குப்பையாக மிதந்திருக்க வேண்டிய அந்த அடுக்கையே ஆய்வு மேடையாக இஸ்ரோ பயன்படுத்துகிறது. சிறிய நிறுவனங்களுக்குப் பெரிய வாய்ப்பைக் கொடுத்திருக்கும் சிக்கனமான யோசனை இது.

நகர முடிந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஸ்கைசாட் படப்பிடிப்புச் செயற்கைக்கோள்கள் நல்ல உதாரணம். சுவீடனின் அதே பசுமை எரிபொருள் ஏற்றிய முதல் ஸ்கைசாட் 2016 ஜூன் மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே புறப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து, அவற்றை நடத்தும் பிளானட் நிறுவனம் தன் ஸ்கைசாட்களைச் சுமார் 500 கிலோமீட்டரிலிருந்து 450 கிலோமீட்டருக்கு இறக்கியது. கேமரா பூமிக்குப் பக்கத்தில் வந்ததால் படம் கூர்மையானது. படத்தின் ஒரு புள்ளி தரையில் சுமார் 50 சென்டிமீட்டரைக் குறிக்கும் அளவுக்கு விவரம் கிடைத்தது. புதுக் கேமரா வாங்கவில்லை, புதுச் செயற்கைக்கோள் செய்யவில்லை. தொட்டியில் எரிபொருள் இருந்தது, அவ்வளவுதான்.

மின்சாரம், அயோடின், தண்ணீர்

எரிபொருளைச் சிதைத்துச் சூடான வாயுவாக்குவது ஒரு வழி. இன்னொரு வழி, ஒரு வாயுவின் அணுக்களுக்கு மின்னூட்டம் கொடுத்து, மின்புலத்தால் அவற்றை வெளியே எறிவது. எறியும் வேகம் பொதுவாக வினாடிக்கு 10 கிலோமீட்டரைத் தாண்டும். ஹைட்ரசின் வாயு வெளியேறும் வேகத்தைப்போல் பல மடங்கு இது. அதனால் மிகக் கொஞ்சம் எரிபொருளிலேயே நெடுநாள் ஓட்டலாம். தள்ளும் விசைதான் பரிதாபம். சிறிய பொறிகள் பலவற்றின் விசை, உள்ளங்கையில் வைத்த ஓர் ஏ4 தாள் கையை அழுத்தும் அழுத்தத்தைவிடக் குறைவு. விண்வெளியில் உராய்வு மிகக் குறைவு என்பதால் அந்தத் தாளின் அழுத்தமே நாள்கணக்கில், வாரக்கணக்கில் சேர்ந்து பாதையை மாற்றிவிடுகிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதன் விண்வெளி வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் துறையில் சிங்கப்பூர் முன்னேறியிருப்பது நம் வட்டாரத்துக்கு நல்ல செய்தி. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்த அலியேனா நிறுவனம், ஹால் உந்துபொறி எனப்படும் இந்த மின்வகையைச் சிறு செயற்கைக்கோளுக்கு ஏற்றவாறு சுருக்கியது. 2022 ஜனவரியில் பாய்ச்சப்பட்ட நியூஎக்ஸ்-1 என்னும் சிறிய சிங்கப்பூர்ச் செயற்கைக்கோள் அந்தப் பொறியைச் சுமந்து சென்றது. 2023 ஜூலை 30ஆம் தேதி பிஎஸ்எல்வி-சி56 ஒரே பயணத்தில் ஏழு சிங்கப்பூர்ச் செயற்கைக்கோள்களை எடுத்துச் சென்றபோது, அவற்றுள் சிலவற்றிலும் அலியேனாவின் பொறிகள் இருந்தன.

மின்வகைப் பொறிக்கு வழக்கமாகப் பயன்படும் வாயு செனான். விஷமில்லை, மற்றப் பொருள்களோடு வினை புரியாது. ஆனால் விலை கடுமை. காற்றில் அது ஒரு கோடியில் ஒரு பங்குகூட இல்லை. அதைக் காற்றிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். தடிமனான, உயர் அழுத்தக் கலனில் அடைக்கவும் வேண்டும். இங்கேதான் படிவம் நான்கு வேதியியல் புத்தகத்தின் தனிம அட்டவணை உதவிக்கு வந்தது. செனானுக்கு இடப்பக்கத்துக் கட்டத்தில் இருப்பது அயோடின். அணுவின் எடையும் கிட்டத்தட்ட அதேதான். காயத்துக்குப் போடும் மருந்திலும் சமையல் உப்பிலும் நாம் அறிந்த அதே அயோடின். திடப்பொருளாகவே அதை வைக்கலாம் என்பதால் அழுத்தக் கலன் வேண்டாம். சிறிது சூடாக்கினால் ஆவியாகும்.

பிரான்சின் திரஸ்ட்மீ நிறுவனம் இந்த அயோடின் பொறியை 2020 நவம்பரில் புறப்பட்ட ஒரு சீனச் செயற்கைக்கோளில் வைத்துச் சுற்றுப்பாதையை மாற்றிக் காட்டியது. அதன் முடிவுகள் 2021இல் நேச்சர் ஆய்விதழில் வெளிவந்தன. அயோடினுக்கும் ஒரு குறை உண்டு. அது உலோகங்களை அரிக்கும். எனவே பொறியின் உட்பாகங்களைப் பீங்கான் போன்ற பொருள்களால் காக்க வேண்டியிருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட மலிவான எரிபொருள் ஒன்று உண்டு: தண்ணீர். டோக்கியோ பல்கலைக்கழகமும் ஜப்பானிய விண்வெளி ஆய்வு நிறுவனமும் செய்த ஈக்குலியஸ் என்ற சுமார் 10 கிலோ எடைச் செயற்கைக்கோள் ஒன்றரை லிட்டர் புட்டிக்குள் அடங்கும் தண்ணீரை மட்டுமே எரிபொருளாகக் கொண்டு 2022 நவம்பரில் ஆர்ட்டெமிஸ் ராக்கெட்டில் புறப்பட்டது. தண்ணீரை ஆவியாக்கிப் பீய்ச்சுவதுதான் அதன் வித்தை. கெண்டியின் மூக்கில் வரும் நீராவிதான். அதை வைத்தே நிலவின் அருகே சென்று, அதன் ஈர்ப்பைப் பயன்படுத்திப் பாதையைத் திருப்பிக்கொண்டது. எரிபொருளாகத் தண்ணீரின் திறன் குறைவுதான். ஆனால் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், கவச உடை இல்லாமல், மாணவர்களே நிரப்பிச் சோதித்துப் பார்க்கக்கூடிய எரிபொருள் அது. வளரும் நாடுகளின் கல்விக்கூடங்களுக்கு இதைவிடப் பெரிய சலுகை வேண்டுமா என்ன?

நம் வானத்தில் இதற்கு என்ன வேலை?

மலேசியாவும் சிங்கப்பூரும் பூமத்திய ரேகையை ஒட்டி இருக்கின்றன. நமக்கு மேலே ஆண்டு முழுவதும் மேகம். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியதுபோன்ற நேரத்தில் சாதாரணக் கேமரா மேலிருந்து பார்த்தால் மேகம்தான் தெரியும். மேகத்தை ஊடுருவும் ரேடார் வேண்டும், அல்லது மேகம் விலகும் நேரத்தைப் பிடிக்க அடிக்கடி கடந்து செல்லும் பல செயற்கைக்கோள்கள் வேண்டும். 2023இல் சிங்கப்பூர் அனுப்பிய டிஎஸ்-சார் ரேடார் செயற்கைக்கோள் பூமத்திய ரேகையை ஒட்டிய பாதையில் சுற்றுவது இதனால்தான். மலேசியாவும் 2009 ஜூலையில் ரசாக்சாட்டை அப்படிப்பட்ட பாதைக்கே அனுப்பியது.

பல சின்னச் செயற்கைக்கோள்களை ஒரே ராக்கெட் ஒரே இடத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும். எக்ஸ்பிரஸ் பேருந்து எல்லாரையும் டோல் சாவடியில் இறக்கிவிட்டுப் போவதுபோல. அங்கிருந்து தோட்டத்துக்குள் போக மோட்டார் சைக்கிள் வேண்டும். உந்துபொறிதான் அந்த மோட்டார் சைக்கிள். ஒரே பாதையில் சம இடைவெளியில் அவை பிரிந்து நின்றால்தான் ஒன்று போனதும் அடுத்தது வரும். வெள்ளநீர் எந்தப் பக்கம் ஏறுகிறது, புகைமூட்டத்துக்குக் காரணமான தீ எங்கே எரிகிறது என்று ஒரே நாளில் பலமுறை பார்க்கலாம். பொறியே இல்லாமலும் பிரியலாம் என்பதை மறுக்க முடியாது. பிளானட் நிறுவனத்தின் டவ் வகைகள் தங்கள் தகடுகளைத் திருப்பிக் காற்றின் உரசலைக் கூட்டிக் குறைத்தே விலகி நிற்கின்றன. ஆனால் அது மெதுவான வேலை, மேலே ஏறவும் வழியில்லை.

உயரம் குறைந்தால் படம் கூர்மையாகும் என்பதை ஸ்கைசாட் காட்டியது. நன்யாங் பல்கலைக்கழகத்தின் எலைட் திட்டம் அதை இன்னும் கீழே கொண்டுபோகத் திட்டமிட்டது. சுமார் 250 கிலோமீட்டர் உயரம். அந்த உயரத்தில் காற்றின் உரசல் கடுமை. தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருக்கும் பொறி இல்லாவிட்டால் சில வாரங்கள் தாக்குப்பிடிப்பதே பாடு.

விலை எங்கே குறைகிறது, எங்கே குறையவில்லை

பசுமை எரிபொருள் என்றாலே எல்லாமே மலிவு என்று எடுத்துக்கொள்வதும் சரியல்ல. உப்பு வகை எரிபொருள்கள் ஹைட்ரசினைவிட அதிக வெப்பத்தோடு எரிகின்றன. அதைத் தாங்கும் உலோகங்கள் விலை உயர்ந்தவை. பொறியை இயக்கும் முன் வினையூக்கியைச் சில நூறு பாகை சூடாக்கவும் வேண்டும். கைப்பேசியைவிடச் சற்றே பெரிய சூரியத் தகடு கொண்ட பெட்டிக்கு அந்த மின்சாரமே சுமை. செலவு குறைவது கவச உடை, தனிக் கட்டடம், காலி செய்யப்பட்ட தளம், கப்பலிலும் விமானத்திலும் ஏற்ற அனுமதி ஆகியவற்றில்தான். ஆகவே விற்பவர் சொல்லும் பொறியின் விலையை மட்டும் பார்க்காமல், நிரப்பி, ஏற்றி, பாய்ச்சும் வரையிலான மொத்தச் செலவைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பொறி இருந்தால் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 2022 பிப்ரவரியில் புறப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களிலும் பொறி இருந்தது. சூரியப் புயலால் மேல்வளிமண்டலம் தடித்து, உரசல் திடீரெனக் கூடியதில், அவற்றுள் 40 வரை மேலேற முடியாமல் விழுந்தன.

இருந்தும் இனி பொறியைத் தவிர்ப்பது கடினமாகிவருகிறது. அதற்குக் காரணம் குப்பை. 2009 பிப்ரவரி 10ஆம் தேதி செயலிழந்த ரஷ்யச் செயற்கைக்கோள் ஒன்றும் வேலையில் இருந்த அமெரிக்க இரிடியம் செயற்கைக்கோள் ஒன்றும் சைபீரியாவுக்கு மேலே மோதி, கண்காணிக்கக்கூடிய அளவிலேயே இரண்டாயிரத்துக்கும் அதிகமான துண்டுகளாகச் சிதறின. வேலை முடிந்த செயற்கைக்கோள் 25 ஆண்டுகளுக்குள் கீழிறங்கினால் போதும் என்பதுதான் நெடுங்காலம் வழக்கத்தில் இருந்த வழிகாட்டி. அமெரிக்கத் தொடர்பு ஆணையம் 2022 செப்டம்பர் 29ஆம் தேதி அதை ஐந்து ஆண்டுகளாகக் குறைத்தது. தன்னிடம் உரிமம் கேட்கும் அமெரிக்கச் செயற்கைக்கோள்களுக்கு மட்டுமல்லாமல், அமெரிக்கச் சந்தையில் சேவை வழங்க விரும்பும் பிற நாட்டுச் செயற்கைக்கோள்களுக்கும் இது பொருந்தும்.

சுமார் 600 கிலோமீட்டருக்கு மேல் விடப்படும் சின்னப் பெட்டி ஐந்து ஆண்டுகளில் தானாக விழுவது அரிது. ஆகவே அடுத்த செயற்கைக்கோளுக்கு வரைபடம் போட உட்காரும் மாணவர் குழுவின் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, யுஐடிஎம்சாட்-1ஐப் போலத் தாழ்ந்த பாதையில் சில ஆண்டு சுற்றிவிட்டு எரிந்துபோவது. மற்றது, மேலே போய், நெடுநாள் வேலை செய்து, கடைசியில் மிச்சமிருக்கும் கொஞ்சம் அயோடினையோ தண்ணீரையோ கொண்டு தானே கீழே இறங்குவது.